எரியாத கொழுப்பு

என் அத்தை மகனுக்குப் பசி தாங்காது என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேலி செய்வார்கள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் பொடிசுகளுக்கு நடுவே அவர் மட்டும் நெடுநெடுவென்று உட்கார்ந்திருப்பார். தறியில் உட்கார்ந்தால் பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் அடுக்களையில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வருவார். தோளும் புஜமுமாக ஆள் பார்க்க நன்றாக இருப்பார். இவ்வளவு பெரிய ஆளுக்கு இப்படி ஒரு வயிறா என்று என் அப்பாகூடச் சிரிப்பார்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவளை அவளுடைய தாய்மாமனுக்கே, அதாவது என் பாட்டியின் தம்பிக்கே கட்டிக் கொடுத்தார்கள். அவர் மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்விட்டார். அத்தை கைக்குழந்தையோடு காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியேறினாள். அந்தப் பிள்ளைக்கு நான்கு வயதானபோது நான் பிறந்தேன். யார் யாருக்கு என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிட்டதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டேன். விவரம் தெரிந்த பிறகு, அந்த வார்த்தையைத் தெருவில் சத்தமாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

பசி மட்டுமில்லை, அவருக்கு வலியும் வரும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஓடப் பழகிய நாட்களில் ஒருநாள், தெருமுனையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். தொடை இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. மறுநாள் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி போனதாக அத்தை என் அம்மாவிடம் சொன்னாள். எல்லாம் உடம்புச் சூடு என்று இருவரும் முடிவு செய்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தார்கள். நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது. அடுத்த முறை ஓட மாட்டேன் என்று அவர் சொன்னபோது, விளையாட்டு வாத்தியார் எல்லார் முன்னாலும், “உனக்கு ஒடம்புல கொழுப்பு ஏறிப்போச்சு” என்றாராம். அந்தப் பேச்சு தெருவுக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளைக்குச் சத்து போதவில்லை என்று அத்தை நினைத்தாள். அன்றிலிருந்து சோற்றைக் குறைத்து நெய்யைக் கூட்டினாள். முந்திரியும் பாதாமும் வாங்கி வைத்தாள். மகன் தேறிவர வேண்டும் என்று அவள் செய்தது அது.

என் அப்பா சாமி தூக்குகிறவர். எங்கள் கோயிலில் வாகனத்துக்கு அடியில் கிடக்கும் நீளமான தண்டுகளுக்குத் தோள் கொடுப்பது எங்கள் தெருக்காரர்களின் உரிமை. அப்பா முன்பக்கத்து இடது தண்டு. மாமாவுக்குப் பதினெட்டு வயதானதும் அப்பா அவரைத் தனக்குப் பின்னாலேயே நிறுத்திக்கொண்டார். அந்த உயரத்துக்கும் தோளுக்கும் அவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். உற்சவ நாட்களில் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாமிக்கு அடியில் அப்பாவின் காலடிக்குத் தன் காலடியைச் சேர்த்து நடந்து வருவார். எங்கள் வாசலில் சாமி நிற்கும்போது தேங்காய் உடைப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்னைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். அதற்காகவே நான் காலையில் தலைக்குக் குளித்துக் காத்திருப்பேன்.

சின்ன உற்சவங்களில் ஒன்றும் ஆகவில்லை. நான்கு தெரு சுற்றி, பொழுது ஏறுவதற்குள் சாமி கோயிலுக்குப் போய்விடும். பங்குனியில் பெரிய வாகனம் வரும் நாள்தான் கடினம். விடிவதற்கு முன் புறப்பட்டால், திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். சாமி உள்ளே போகும்வரை தூக்குகிறவர்கள் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அந்த நாள் கழிந்தால் மாமா இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். தூக்கியவர்கள் எல்லோருக்குமே உடம்பு வலிக்கும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த வருடம், பங்குனி வாகனத்துக்கு முதல் நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. வாய் கசக்கிறது என்று இரவுச் சாப்பாட்டையும் தொடவில்லை. அத்தை போக வேண்டாம் என்றாள். காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அவர் போனார். சாமி எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயிலுக்குள் வாகனத்தை இறக்கியதும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாசல்படி ஏற முடியவில்லை. கையைத் தூக்கித் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கவும் முடியவில்லை. சாயங்காலம் சிறுநீர் கறுப்பாகப் போயிற்று. பிறகு போகவே இல்லை. ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் அத்தையும் அப்பாவும் போனார்கள். நானும் அம்மாவும் மறுநாள் ரயிலில் போனோம்.

இயந்திரத்தின் வழியாக அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்துதான் பார்க்க விட்டார்கள். அப்பா தன்னுடைய தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பாரம் அதிகமாகிச் சதை நசுங்கியிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் கூடத் தூக்கியவர்களில் வேறு ஒருவருக்கும் அப்படி ஆகவில்லையே என்று ஒரு பெண் டாக்டருக்குச் சந்தேகம். அவர் அத்தையை உட்கார வைத்துச் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். ஓட்டம், டிகாக்‌ஷன் நிறம், பசி தாங்காதது எல்லாவற்றையும் அத்தை சொன்னாள். கடைசியில், “நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?” என்று கேட்டார். தாய்மாமன் என்று அத்தை சொன்னதும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வர வாரக்கணக்காயிற்று. அதற்குள் சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். நாம் சாப்பிடுகிற சோறும் இட்லியும் சர்க்கரையாகி, கொஞ்ச நேரத்துக்குத்தான் உடம்புக்கு வேலை செய்யத் தெம்பு கொடுக்குமாம். அது தீர்ந்ததும், சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து உடம்பு எரிக்கத் தொடங்குமாம். நாம் தூங்கும்போது, விரதம் இருக்கும்போது, காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும்போது, நெடுநேரம் உழைக்கும்போது அப்படித்தான் நடக்கிறதாம். எரிக்கும் அடுப்பு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. கொழுப்பை அந்த அடுப்புக்குள் சேர்க்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதி இவருக்கு மிகக் குறைவு என்றார். உள்ளே போக முடியாத கொழுப்பு வெளியே கிடக்கும், தெம்பு கிடைக்காமல் சதை தானே உடையும், சதையின் சிவப்பு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதுதான் அந்தக் கறுப்பு.

அத்தை, “நான் நெய்யா ஊத்திப் போட்டேனே டாக்டரம்மா” என்றாள்.

“உங்களுக்குத் தெரியாதும்மா. அதனால வந்ததும் இல்ல. அவருக்கு இது பொறக்கும்போதே இருக்குது” என்றார் டாக்டர். அத்தை தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் தன் சோற்றுக்கும் நெய் விட்டுக்கொண்டதில்லை.

இதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டினி கிடக்கக் கூடாது. வேளைக்குச் சாப்பிட வேண்டும், படுக்கும்முன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும். அரிசிச் சோறு நல்லது, எண்ணெயும் நெய்யும் குறைய வேண்டும். ஓடுவது, பாரம் தூக்குவது, குளிரில் நிற்பது எதுவும் கூடாது. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காவிட்டால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும். பசி தாங்காது என்று நாங்கள் சிரித்த அத்தனை வருடமும் அந்தப் பசிதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

நான் அப்போது கல்யாணத்துக்காகச் சஷ்டி விரதம் இருந்துகொண்டிருந்தேன். பகல் முழுவதும் தண்ணீரோடு இருந்து தறி வேலையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போய் வருவேன். ஒரு களைப்பும் தெரியாது. அது என் பக்தியின் பலம் என்று நினைத்திருந்தேன். டாக்டர் சொன்ன பிறகு, அடுத்த சஷ்டியில் கோயில் வாசலில் செருப்பை விடும்போது, இந்த நேரம் என் உடம்பு சத்தமில்லாமல் கொழுப்பை எடுத்து எரித்துக்கொண்டிருக்கிறது, அவருக்காக வேண்டிக்கொள்ள என்னை நிறுத்தி வைத்திருப்பதே அவரிடம் இல்லாத அந்த ஒன்றுதான் என்று தோன்றியது. உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் விரதம் இருக்கவில்லை.

தறி வேலையையும் மாமா விட்டார். ஜரிகை விற்கும் ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அடுத்த பங்குனியில் பெரிய வாகனம் வந்த அன்று, தெருவே குளித்துச் சாப்பிடாமல் வாசலில் நின்றது. சாமி வரத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. சாமி போன பிறகு சாப்பிடுகிறேன் என்று அவர் அத்தையிடம் பிடிவாதம் பிடித்தார். அத்தை அழுதுகொண்டே வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய்த் தட்டில் நான்கு இட்லியை வைத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, வெறும் தறிக்கு அந்தப் பக்கம் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார். மேளச் சத்தம் தெருவுக்குள் திரும்பியபோது அவர் வாயில் இட்லி இருந்தது. மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பின்னால் அந்த இடத்தில் வேறு ஒருவர் நின்றார். மாமா வெளியே வந்து பார்க்கவே இல்லை.

ஆவணியிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்த கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகுதான் நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் அவரே கேட்டிருக்கிறார். சொந்தத்தில் கட்டுவதானால் அந்தப் பெண்ணின் ரத்தத்தையும் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அப்பாவோடு சென்னைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் இருக்காது என்று பயணம் முழுக்க நம்பிக்கொண்டே போனேன். என் உடம்பில் ஒரு நோயும் இல்லை, எத்தனை தூரம் வேண்டுமானாலும் நடப்பேன்.

எனக்கு நோய் இல்லைதான். ஆனால் அந்த நொதியைச் செய்யும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதிகளாக இருக்குமாம்; அதில் ஒன்று என்னிடமும் பழுதாக இருந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாக இருப்பதால் எனக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாது. இரண்டும் பழுதான ஒருவரை நான் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். தெரிந்து பார்த்துக்கொண்டால் அப்படிப்பட்ட பிள்ளையும் நன்றாக வாழலாம், முடிவு உங்களுடையது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது அப்பா பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் சிறுமியாக இருந்த காலத்துக்குப் பிறகு அவர் அப்படிப் பிடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வண்டி எடுத்துக்கொண்டு வந்து, தென்னேரி வரை போய் வரலாமா என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா சரி என்றாள். மழைக்காலம் முடிந்து ஏரி கரை தளும்ப நின்றது. கரைமேல் வண்டியை நிறுத்தினோம். அவர் சட்டைப் பையில் எப்போதும் போல ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. இரண்டு பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, உனக்கு வேற எடத்துல பாக்கச் சொல்லி உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன் என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நமக்குக் கொழந்த வேணாம் மாமா. நாம ரெண்டு பேரு மட்டும் இருந்துக்கலாம்” என்றேன்.

“இப்ப சொல்லுவ. நாலு வருசம் போனா எங்கம்மா உன் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கும். நீ எதிர்வூட்டுக் கொழந்தையப் பாத்துக்கினு நிப்ப.”

“பாதிக்குப் பாதின்னுதான சொன்னாங்க. நல்லபடியாவும் பொறக்கலாமே.”

“பொறக்கலாம். பொறக்கலன்னா?” என்று கேட்டார். “அந்த வலி உனக்குத் தெரியாதுமா. ஈரத்துணிய ரெண்டு பக்கமும் புடிச்சு முறுக்குவாங்க பாரு, அந்த மாதிரி சதைய முறுக்கும். அத ஒரு சின்ன ஒடம்புல என்னால பாக்க முடியாது. பாத்துட்டு, தெரிஞ்சேதான் பெத்தோம்னு என்னால இருக்கவும் முடியாது.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. வெயில் ஏறியதும் கிளம்பலாம் என்றார். வழியெல்லாம் நான் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அத்தையிடம் நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவளுக்கு என்னைவிட ஆசை. ஆனால் அவன் சொல்வதுதான் முடிவு என்று நிறுத்திக்கொண்டாள். ஒரு வருடம் பார்த்துவிட்டு அப்பா வாலாஜாபாத்தில் சொந்தமில்லாத ஓர் இடத்தைப் பேசினார். மாப்பிள்ளை அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். பெண் பார்க்க வந்தபோதே என் ரத்தத்தில் இருப்பதை நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, உனக்கு ஒன்றும் ஆகாதுதானே என்று மட்டும் கேட்டார். ஆகாது என்றேன். என் கல்யாணத்தில் மாமா தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்று கடைசி ஆள் போகிறவரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் நல்லவர். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு அந்த நோய் வர வாய்ப்பு அநேகமாக இல்லை என்று டாக்டர் சொன்னார். ஓடுகிறாள், ஆடுகிறாள், விளையாட்டு மும்முரத்தில் சாப்பாட்டை மறந்துவிடுகிறாள்.

மாமா வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. உறவில் இல்லாத பெண்ணானால் பயமில்லை என்று டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டதால் கஞ்சிகூட உள்ளே நிற்கவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியதால் ஆட்டோ வரவில்லை. அப்பாவும் இன்னொருவரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பெரிய சாலைவரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நேரத்தோடு குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குள்ளேயே சிறுநீர் கறுத்துவிட்டதால், இந்த முறை சிறுநீரகம் முழுதாகத் திரும்பி வரவில்லை. வருடம் போகப்போக இன்னும் குறையலாம் என்கிறார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலைப் பேருந்தில் போய்ப் பார்த்தேன். தோளெல்லாம் இறங்கி, சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. குழந்தை என்ன படிக்கிறாள், வாலாஜாபாத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். கொஞ்சத்தில் அவர் தூங்கிவிட்டார். அத்தை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து, அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் கண்ணை முழுக்கத் திறக்காமலே சின்னப் பிள்ளை மாதிரி வாங்கித் தின்றார்.

தட்டைக் கழுவும்போது பின்கட்டில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “அசந்து தூங்கினா அவனுக்குப் பசிகூட இப்ப சரியா தெரிய மாட்டேங்குதுமா. எனக்கும் வயசாவுது. எனக்கப்புறம் இவன எழுப்பி சாப்புடுன்னு யாரு சொல்லுவாங்க?”

நான் அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்தேன். பேருந்து போய்விடும், கிளம்பு என்று அவளே சொன்னாள்.

நான் வாலாஜாபாத் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். என் கணவர் சோறு வடித்து வைத்திருந்தார். குழந்தை மாலையெல்லாம் விளையாடிவிட்டுச் சாப்பிடாமலே பாயில் சுருண்டு தூங்கிப்போயிருந்தாள். தூங்கட்டும், காலையில் சாப்பிட்டுக்கொள்வாள் என்றார் அவர். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். நான் சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழைத்து, அவளை மடியில் தூக்கி உட்கார வைத்து எழுப்பினேன். அவள் சிணுங்கினாள். ஒவ்வொரு உருண்டையாக ஊட்டினேன். அவர் எதுவும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.